ராயபுரத்துக் கிட்டாரின் வயது

"இந்தக் கிட்டாரின் உள்பாகம் 1978-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் தயாரானது. ஆகவே 1972-ஆம் ஆண்டுத் திருவிழாவில் இதை எவரும் வாசித்திருக்க முடியாது."

14.8.2023 தேதியிட்ட என் கடிதத்தின் மூன்றாம் பத்தி இது. 'எவரும்' என்ற சொல்லின் கீழ் நானே கோடு போட்டிருந்தேன்.

நான் கரூர்க்காரன். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய மின்கிட்டார்களின் பாகங்களையும் முத்திரைகளையும் பார்த்து அவை எந்த ஆண்டில் தயாரானவை என்று சொல்வது என் பொழுதுபோக்கு. திருப்பூர் ராயபுரத்திலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் நான்கு புகைப்படங்களுடன் எனக்கு எழுதியிருந்தார். அவருடைய அப்பா ஞானப்பிரகாசம், குன்னத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரின் கத்தோலிக்கக் கோயிலில் 1972 திருவிழா அன்று முதன்முதலாக மின்கிட்டார் வாசித்தவர். அந்தக் கோயிலின் பாடகர் குழு ஒரு நினைவு மலர் வெளியிடுகிறது. ஆண்டை உறுதிப்படுத்தச் சான்று கேட்கிறார்கள். நான் சான்று கொடுத்தேன். மலரில் அவர் பெயர் வரவில்லை. 'கிட்டாரின் பாகங்களை ஆராய்ந்தவர் கருத்துப்படி' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் வந்தது.

2024 பிப்ரவரியில் கடிதங்களைக் கோப்பில் அடுக்கும்போது ஸ்டெல்லாவின் கடிதத்தைத் திருப்பினேன். பின்பக்கம் ஒரே வரி: "ஒரு வால்யூம் கண்ட்ரோல் மட்டும் பிறகு மாற்றியது என்று அப்பா சொல்கிறார்." அதன் அருகே பென்சிலில் என் கையெழுத்து: "வாய்மொழி. ஆதாரம் இல்லை."

அப்படியானால் நான் அதைப் படித்திருக்கிறேன். படித்துவிட்டுத்தான் தள்ளியிருக்கிறேன். இது தெரிந்தும் பதினோரு மாதம் சும்மா இருந்தேன்.

19.1.2025, ஞாயிறு. காலை 6.15

கரூர் பேருந்து நிலையம். வெள்ளக்கோவில், காங்கேயம் வழியாகத் திருப்பூர். ஏறத்தாழத் தொண்ணூறு கிலோமீட்டர். கட்டணம் எழுபத்தைந்து ரூபாய். பையில் மூன்று திருப்புளிகள், உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு டார்ச், ஸ்டெல்லாவின் கடிதம். காங்கேயத்தில் தேநீர் பன்னிரண்டு ரூபாய். காங்கேயம் தாண்டியதும் பனியன் கம்பெனிகளின் பெயர்ப்பலகைகள் தொடங்கிவிடும். எங்கள் கரூரில் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும். இங்கே உடம்பில் போடுவது. இரண்டு ஊரிலும் ஞாயிறு காலையில் மட்டும்தான் சாலையின் இருமருங்கும் என்ன இருக்கிறது என்று பார்க்க முடிகிறது.

காலை 8.50

பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ராயபுரத்துக்கு எண்பது ரூபாய்.

"ஏனுங்க, கம்பெனி வேலையா வந்தீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லை. ஒருத்தர்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அதுக்குக் கரூர்ல இருந்துங்களா? போன்ல கேட்டுப்போட்டு ஊட்டுல படுத்துருக்கலாமுல்லங்க!"

பாலத்தில் நொய்யலைக் கடக்கும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். நான் சிரிக்கவில்லை. போன் செய்வதற்கே மூன்று முறை எண்ணை அழுத்திவிட்டு வைத்தவன் நான்.

காலை 9.10

முதல் மாடியில் இரண்டு அறை வீடு. ஞானப்பிரகாசத்துக்கு எழுபத்து நான்கு வயது. பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். ஸ்டெல்லா ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் தரம் பார்க்கிறவர்.

"வாங்க சார். பஸ்சுல உக்கார எடங் கெடச்சுதுங்களா?"

கிடைத்தது என்றேன். உடனே, வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இட்லி ஆறுதுங்க. மொதல்ல சாப்புடுங்க."

நான்கு இட்லி. ஒவ்வொரு இட்லிக்கும் "சட்னி போதுமுங்களா" என்று கேட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

கை கழுவியதும் ஸ்டெல்லாதான் பேசினார். "அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க சார். நான் சொல்றேன். கோயில் கொயர்ல பாடற பசங்க இவுருக்கு வெச்ச பேரு என்ன தெரியுமுங்களா? 'எழுபத்தெட்டு.' 'எழுபத்தெட்டு வந்துருச்சு, எடம் உடுங்கடா'ம்பாங்க. அம்பது வருசம் ஞாயித்துக்கெழம தவறாம பஸ்சேறிக் குன்னத்தூருக்குப் போயி வாசிச்ச மனுசன். இப்ப சனிக்கெழம சாயங்காலமே இங்க திருப்பூர்லயே பூச பாத்துப்போட்டு வந்துக்கறாரு. அதுல கொயர் கெடையாதுங்க."

"அட, உடு கண்ணு. சார் அத்தன தூரத்துல இருந்து வந்துருக்காரு," என்றார் அப்பா.

காலை 10.00

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி வந்தது. கறுப்பும் மஞ்சளும் கலந்த வண்ணம், அமெரிக்கத் தயாரிப்பு. போத்தனூர் ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, அந்த வீட்டு நண்பரிடம் 1971-இல் வாங்கியது என்றார்.

இவ்வகைக் கிட்டாரில் மூன்று குமிழ்கள்: ஒலியளவுக்கு ஒன்று, தொனிக்கு இரண்டு. ஒவ்வொரு குமிழுக்கும் அடியில், பிளாஸ்டிக் தகட்டின் பின்னால், சிறு தகர டப்பி போன்ற கண்ட்ரோல் இருக்கும். அதன் முதுகில் எண்கள் பொறித்திருக்கும். முதல் மூன்று எண்கள் செய்தவரைக் குறிக்கும். அடுத்த இரண்டு ஆண்டு. கடைசி இரண்டு வாரம். ஸ்டெல்லா முன்பு அனுப்பிய படத்தில் ஒன்று தெளிவாக இருந்தது, இன்னொன்றை ஒயர் மறைத்தது, மூன்றாவது படத்திலேயே இல்லை. முதுகுத் தகட்டின் வரிசை எண்மீது விரல் நிழல் விழுந்திருந்தது. மறுபடி எடுத்து அனுப்புங்கள் என்று கேட்க ஒரு தபால் அட்டை போதும். நான் கேட்கவில்லை.

பதினோரு திருகுகளைக் கழற்றித் தகட்டைத் திருப்பினேன். ஒலியளவுக் கண்ட்ரோல்: 78, 31. தொனிக் கண்ட்ரோல்கள் இரண்டும்: 65, 34. 78-இல் பற்றவைத்த ஈயம் பளபளப்பு. மற்ற இரண்டிலும் சாம்பல் பூத்திருந்தது. டார்ச் அடித்தால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும் வித்தியாசம். பிறகு நான்கு திருகுகளைக் கழற்றிக் கழுத்தைப் பிரித்தேன். கழுத்தின் அடிக்கட்டையில் முத்திரை: நவம்பர் 65.

"இந்தக் கண்ட்ரோல் எப்போது மாற்றியது?"

"எம்பதுலீங்க. கரகரன்னு சத்தம். ஆஸ்திரேலியாவுக்கு அந்த சிநேகிதருக்குக் கடுதாசி போட்டேன். அவுரே வாங்கிப் பார்சல்ல அனுப்புனாருங்க. ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருத்தரு பத்த வெச்சாரு." பிறகு மாடிப்படிக்குக் கீழே நின்ற ஸ்கூட்டரைக் காட்டினார். "ஏனுங்க சார், அதுக்கு மூணு வாட்டி டயர் மாத்தியாச்சு. அது எந்த வருசத்து வண்டீங்க?"

"எங்க கம்பெனியில ஒரு டி-ஷர்ட்டுக்குத் துணி ஒரு லாட்டு, நூல் ஒரு லாட்டு, லேபிள் ஒரு லாட்டுங்க, ஒவ்வொண்ணும் வேற வேற நாள்ல வந்தது," என்றார் ஸ்டெல்லா. "லேபிள மட்டும் பாத்துத் துணிக்குக் கையெழுத்துப் போட்டா அன்னைக்கே என்னைய ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாங்க."

நான் திருகுகளைத் தேநீர்த் தட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் இருவர் முகத்தையும் பார்க்க வேண்டும்.

பகல் 12.20

மேல்பூச்சு பழையதுதானா என்று அறியப் புற ஊதா விளக்கு வேண்டும். "எங்ககிட்ட இருக்குதுங்களே!" என்றார் ஸ்டெல்லா. சாயத் துணியின் நிறம் எந்த வெளிச்சத்தில் எப்படி மாறுகிறது என்று பார்க்க அவர்கள் கம்பெனியில் லைட் பாக்ஸ் என்ற சாம்பல் நிறக் கூண்டு உண்டு. மேலாளரிடம் போனில் அனுமதி வாங்கினார். மூவரும் கம்பெனிக்குப் போனோம். வாசலில் பீகார்க் காவலாளி கிட்டாரின் உடலைப் பார்த்து, "தீதி, யே சாம்பிள் ஹை க்யா?" என்று, 'அக்கா, இது சாம்பிளா' என இந்தியில் கேட்டு, நுழைவுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

கழுத்தைப் பிரித்திருந்ததால் உடல் மட்டும் கூண்டுக்குள் அடங்கியது. மற்ற விளக்குகளை அணைத்துப் புற ஊதாவைப் போட்டதும் பூச்சு முழுவதும் பச்சை கலந்த மஞ்சளாய் ஒளிர்ந்தது. பழைய அரக்குப் பூச்சு அப்படித்தான் ஒளிரும். மேல்புறத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்தில், ஒரு செவ்வகம் ஒளிராமல் கறுத்துத் தெரிந்தது.

ஞானப்பிரகாசம் குனிந்தார். "பாட்டு நம்பர் எழுதி ஒட்டுன எடமுங்க அது. திருவிழா அன்னைக்குச் சாமியார் கையில எழுதிக் குடுத்தாரு. சோத்துப் பசையில ஒட்டுனேன். ரொம்ப வருசம் கழிச்சுத்தான் பிச்செடுத்தது." விரலை நீட்டியவர் தொடாமல் இழுத்துக்கொண்டார்.

அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது என்பது உண்மை. எந்த ஆண்டு என்பது அந்தச் செவ்வகத்தில் இல்லை.

பிற்பகல் 2.10

அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்ட பிறகு மலர்க் குழுவுக்குத் திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கிட்டார் தயாரானது 1965-இன் இறுதியில் என்றும், 78-ஆம் ஆண்டுப் பாகம் பின்னர் மாற்றப்பட்டது என்றும், அந்தத் தகவல் முன்பே எனக்கு எழுதப்பட்டிருந்தது, பிழை முழுவதும் என்னுடையது என்றும் எழுதினேன். கடைசி வரி: "ஆகவே 1972 திருவிழாவில் திரு. ஞானப்பிரகாசம் இதை வாசித்திருக்கலாம்."

ஞானப்பிரகாசம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"'வாசித்திருக்கலாம்'."

"ஆமாங்க ஐயா."

"மொதக் கடுதாசில 'முடியாது'ன்னு எழுதுனீங்க. அதுக்கு ஒரு கண்ட்ரோல் போதுமானதா இருந்துச்சுங்க. இன்னைக்குப் பூராத்தையும் பிரிச்சுப் பாத்தாச்சு. அப்பவும் 'கலாம்'தானுங்களா?"

பாகங்கள் கிட்டாரின் வயதைத்தான் சொல்லும், யார் எப்போது வாசித்தார் என்பதைச் சொல்லாது என்று விளக்கினேன். சரியான விளக்கம்தான். 2023 ஆகஸ்டில் இந்தச் சரியெல்லாம் எங்கே போயிருந்தது? அவருடைய சொல்லை அழிக்க என்னால் முடிந்தது. திருப்பிக் கொடுக்க என் கலையில் இடமில்லை.

என் பழைய கடிதத்தைத் திரும்பத் தர முடியுமா என்று கேட்டேன். பீரோவிலிருந்து எடுத்து வந்தார். தரவில்லை. புதியதையும் அதன்மேல் வைத்து, "ரெண்டும் ஒண்ணாவே இருக்கட்டுங்க. குழுவுக்கும் ரெண்டையுமே காட்டறேன்," என்று சொல்லி குண்டூசி குத்தப் போனவர், நிறுத்தினார்.

"சார், தேதி போடலீங்களே."

ஸ்டெல்லா முதன்முறையாகச் சிரித்தார். வாங்கித் தேதி போட்டேன். அவசரத்தில் 19 என்பது 14 போல விழுந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தது.

பிற்பகல் 3.30

கிட்டாரை நானே பூட்டிக் கொடுத்தேன். அவர் தந்திகளை மாட்டிச் சுருதி சேர்த்தார். ஒரு பாட்டு வாசிப்பார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் துணியால் ஒருமுறை துடைத்துப் பெட்டியில் வைத்தார். ஆனால் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளவில்லை, கதவோரமாக நிறுத்தினார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம குன்னத்தூர் போலாமான்னு இருக்கேனுங்க. பஸ்சுக்கு நேரமாச்சு, கெளம்புங்க சார்."

மாலை 5.00, காங்கேயம்

கரூர்ப் பேருந்தில் ஜன்னலோர இருக்கை. வீட்டில் என் குறிப்பேட்டில் இதுபோல நூற்றுக்கும் மேல் பதிவுகள் உண்டு. எத்தனை பதிவுகளில் ஓரத்தில் 'வாய்மொழி' என்று எழுதித் தள்ளியிருக்கிறேன் என்று எண்ண வேண்டும். ராயபுரத்துப் பதிவை வீடு சேர்ந்ததும் இப்படித் திருத்தினேன்:

தயாரிப்பு: 1965 இறுதி. இரண்டு கண்ட்ரோல்கள், கழுத்து முத்திரை, பூச்சு, நேரில் பார்த்தது. ஒலியளவுக் கண்ட்ரோல் மாற்றியது: 1980, உரிமையாளர் கூற்று. 1972 திருவிழாவில் வாசித்தது: உரிமையாளர் கூற்று. புகைப்படமோ, கோயில் பதிவோ, அன்று கேட்டவரோ இதுவரை கிடைக்கவில்லை. சரிபார்க்கப்படவில்லை.