பன்னிரண்டா, பதினேழா

தாம்பரம் நகைக்கடையிலிருந்து இப்போதுதான் திரும்பினேன்.

சிறுநீரகக் கோளாறால் என் மனைவியின் விரல்கள் வீங்கி, போன வாரம் ஆஸ்பத்திரியில் கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். வெறும் விரலை அவள் தடவித் தடவிப் பார்க்கிறாள். அதனால் சுற்றிலும் கல் பதித்த மோதிரம் ஒன்று வாங்கப் போனேன்.

பழைய மோதிரத்தின் அளவு பன்னிரண்டு. நேற்று நூல் சுற்றி மூன்று முறை அளந்தேன். இப்போது பதினேழு.

கடைப்பெண் சொன்னாள்: "சுத்தி கல்லு இருக்கு சார். அப்புறம் பெருசாவும் பண்ண முடியாது, சின்னதாவும் பண்ண முடியாது. ஒரே சைஸா சொல்லுங்க."

எந்த அளவு என்று கேட்க, இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கும் மனைவிக்கே போன் செய்தேன்.

"ஏங்க, வீட்டுக்கு வந்து போட்டுக்கறதுக்கா, இங்கயே போட்டுக்கறதுக்கா?" என்றாள்.

"வீட்டுக்கு வந்துதான்."

"அப்ப என்னை ஏன் கேக்கறீங்க?"

பன்னிரண்டு என்றே சொல்லிவிட்டேன். 'மாற்றித் தர இயலாது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

இப்படி வீங்கிய விரல் பழையபடி ஆக எத்தனை நாள் பிடிக்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஆகாது என்று தெரிந்தவர்கள், தயவுசெய்து இன்று மட்டும் ஒரு லைக் போட்டுவிட்டுப் போய்விடுங்கள்.