ஆன்டெனா பிடித்தவள் பார்க்காத கோல்

இன்று நிவித்திகல பஸ்ஸில் நான், என் வீட்டுக்காரர், பழைய தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டிலிருந்த செல்வம் அண்ணன்.

"தொண்ணூற்றெட்டு ஃபுட்போல் உலகக் கிண்ண ஃபைனல் எங்க வீட்டு டிவியிலதானே பார்த்தோம், தங்கச்சி?" என்றார் அண்ணன்.

"நீங்க பார்த்தீங்க. நான் வெளிய மழையில ஆன்டெனா மூங்கிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். 'கையை எடுத்தா படம் போயிரும்'னு கத்துனது யாரு?"

பிரேசிலுக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தவளும் நான்தான். உள்ளே கூச்சல் கேட்டதும் கோல் என்று தெரிந்துகொண்டு, பிறகு என் கோல் கணக்கு நோட்டில் எழுதினேன். கடைசிக் கோல் எப்படி விழுந்தது என்ற இடம் மட்டும் இன்னும் காலி.

"தலையால அடிச்சான்," என்றார் அண்ணன்.

"போங்கண்ணே, காலால!" என்றார் வீட்டுக்காரர். இறங்கும்வரை அதே சண்டை.

பிரேசில் தோற்றாலும் நேர்ந்த தேங்காயை அன்றைக்கே உடைத்துவிட்டேன். அன்று உள்ளே நனையாமல் உட்கார்ந்திருந்தவர்களே, தலையா காலா? சீக்கிரம் இந்தப் பதிவுக்குக் கீழே பதில் போடுங்க, நோட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.