இடது கையால் மரம் சீவிய நாயகி

இன்று தஞ்சோங் காராங் மளிகைக் கடையில் விமலாவைப் பார்த்தேன். எண்பதுகளில் ரப்பர் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எனக்குப் பக்கத்து வீடு. கதை எழுதுவாள்.

அப்போது எனக்குப் பேசி முடித்திருந்த, எங்களை வேலை வாங்கும் மண்டோரின் மகனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குடித்துவிட்டு என்மேல் கை நீட்டினான். அதை விமலாவிடம் மட்டும்தான் சொன்னேன்.

அடுத்த மாதமே ஞாயிறு பத்திரிகையில் கதையாக வந்தது. பெயரை மாற்றியிருந்தாள். ஆனால் நாயகி இடது கையால் பால்மரம் சீவினாள். எங்கள் எஸ்டேட்டில் அப்படிச் சீவியது நான் ஒருத்திதான்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். கதையின் முடிவில் நாயகி அழுதுகொண்டே அவனையே கட்டிக்கொள்கிறாள்!

லயமே நம்பியது. எனக்கு உள்ளூர ஆசை என்று நினைத்து, முறிந்த பேச்சை ஒட்டவைக்க அம்மா வெற்றிலை பாக்கோடு கிளம்பிவிட்டார். தடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

இன்று கேட்டேவிட்டேன். "ஏன்டி முடிவ மாத்துன?"

"நீ செஞ்ச மாதிரியே எழுதுனா, ஒரு பொம்பள அப்படிச் செய்வாளான்னு கேப்பாங்க லா. கேரக்டர் நம்புற மாதிரி இருக்கணும்ல?"

அவனைக் கட்டாமலே அறுபதைத் தாண்டிய நான், இடது கையில் காய்கறிக் கூடையோடு அவள் எதிரில்தான் நின்றிருந்தேன்.

நீங்களே சொல்லுங்கள், நான் நம்புகிற மாதிரி இல்லையா?