இந்த வாரம் வந்த ரெக்கார்டுகள்

ரெக்கார்டு கடைக்கு வருகிறவர்கள் கேட்க வருகிறார்களே தவிர, பேச வருவதில்லை. துணிக்கடையில் நிற்கிறவளுக்கு நாள் முழுக்க வாய் வலிக்கும். மருந்துக்கடையில் நிற்கிறவனுக்கு ஊர் வியாதியெல்லாம் தெரியும். எனக்கோ, காலையில் ஷட்டரைத் தூக்கினதிலிருந்து சாயங்காலம் இறக்குகிற வரைக்கும் இருபது வார்த்தை தேறினால் பெரிய காரியம். கவுண்டருக்குப் பின்னால் நின்றே முட்டி தேய்ந்தவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கடை பம்பாய் மாட்டுங்காவில், பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில். என் வீடு லேபர் கேம்ப் என்கிற பேட்டையில். பாலம் ஏறி இறங்கி நடந்தே வந்துவிடுவேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, வீட்டிலும் பேச ஆள் கிடையாது.

கொசு

கூட்டித் துடைக்கத்தான் என்னை வைத்தார்கள். முதலாளி ரமணிக்கு நாற்பது வயசு இருக்கும், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். பழைய ரெக்கார்டு விற்கிற கடை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். எல்லாம் புதுசு. இந்தக் காலத்திலும் புதுப் பாட்டைக் கறுப்புத் தட்டில் அச்சடித்து விற்கிறார்கள், பெட்டி பெட்டியாக வருகிறது, வயசுப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டும் போகிறார்கள்.

ஒரு நாள் நான் தரை துடைத்துக்கொண்டிருக்கும்போது, அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்து ரமணி ஒன்றைப் போட்டுக் காட்டினார். வாங்க வந்தவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "சார், இதுல ஒரு கொசு இருக்கு. தட்டு ஒரு சுத்து சுத்துதப்பல்லாம் ஒருக்கா வந்துட்டுப் போகுது" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஊசியைத் தூக்கி மறுபடியும் வைத்தார்கள். மூன்றாம் தடவை ரமணி சிரிப்பை நிறுத்திவிட்டார். தட்டை விளக்குக்கு நேரே பிடித்தால் மயிரிழை மாதிரி ஒரு கோடு, அச்சிலேயே விழுந்தது. பெட்டியிலிருந்த மற்ற நாலும் அதே கொசுவோடுதான் வந்திருந்தன. ரமணி என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "பேச்சியக்கா, முதல்ல அந்தத் துணியைக் கீழ வைங்கோ. இனிமே உங்களுக்கு வேற வேலை."

ஒட்டகம்

வெள்ளிக்கிழமைதோறும் 'இந்த வாரம் என்னென்ன வந்தது' என்று வாடிக்கைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போகும். ரமணி இங்கிலீஷில் நீளமாக அடிப்பார். ஒருத்தரும் பதில் போட மாட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். "நீங்களே வாயால சொல்லி அனுப்பிடுங்கோ" என்று போனில் சொல்லிவிட்டார். என் படிப்பு ஐந்தாவதோடு சரி, இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அதனால் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, அட்டையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன், தமிழில் பாதி, பம்பாய் இந்தியில் பாதி. "ஒண்ணு, காவிக் கலர் அட்டை, நடுவுல ஒட்டகம் படுத்திருக்கு. உள்ள ஒரே ஆள் பியானோ வாசிக்காரு, பக்கத்து ரூம்ல யாரோ தூங்குத மாதிரி மெதுவா. இன்னொண்ணு வெள்ளை அட்டை, படமே கிடையாது. இது பயங்கரச் சத்தம், பிபி உள்ளவங்க யோசிச்சு வாங்குங்க."

மறுநாள் ஷட்டரைத் தூக்கும்போதே மாடிப்படியில் ஆறு பேர். முதல் ஆளாக நின்ற டாக்டரம்மா, "அந்த ஒட்டகம் எங்க?" என்றார். காய்ச்சல் விட்டு வந்திருந்த ரமணி எடுத்துக் கொடுத்தார். பார்த்தால் ஒட்டகம் இல்லை, இரண்டு மலை. வாசித்தவருடைய ஊராம், பின்னால் எழுதியிருக்கிறதாம். ரமணிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது, "தப்பா எடுத்துக்காதீங்கோ மேடம்" என்றார். டாக்டரம்மா அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். "இல்ல சார், அவங்க சொன்னப்புறம் எனக்கும் ஒட்டகமாத்தான் தெரியுது. பில் போடுங்க."

இன்னும் ஒரு நம்பர்

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைச் செய்தி என் வேலை என்று ஆகிப்போனது. ஒரு மாதம் கழித்து, பட்டியலில் இன்னொரு நம்பரைச் சேர்க்கச் சொன்னேன். "யாரு, கஸ்டமரா?" என்று ரமணி கேட்டார். "ஆமா" என்றேன். அது என் மகன் முத்துவின் நம்பர்.

முத்துவுக்கு ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை, பதினாலாவது மாடியில் வீடு. போன வருஷம், நான் கடையில் சேருவதற்கு முன்னால், என்னை அங்கே கூட்டிப் போனான். அவனும் மருமகளும் காலை எட்டு மணிக்குப் போனால் திரும்ப எட்டு மணியாகும். பகலெல்லாம் எனக்கு ஃப்ரிட்ஜ் சத்தமும் சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தமும்தான் துணை. ஒரு சொட்டு விழும், ஏழு எண்ணினால் அடுத்த சொட்டு. பதினோரு நாள் எண்ணினேன். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, தானேயில் வண்டி மாறி, வீட்டுக்கு வந்துவிட்டேன். சொல்லிக்கொண்டு வந்திருக்க வேண்டும். சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டான். "என் வீட்டுச் சாவிய வாட்ச்மேன் கையிலயா குடுத்த?" என்று போனில் கேட்டான். அதோடு சரி. அப்புறம் என் போனை அவன் எடுப்பதில்லை.

கடை போனிலிருந்து போகிற செய்தியை மட்டும் கேட்டான். கேட்டுவிட்டால் பக்கத்தில் இருக்கிற மைக் படம் நீலமாகும் என்று ரமணி காட்டிக்கொடுத்திருந்தார். ஏழு மணிக்கு அனுப்பினால் எட்டுக்குள் நீலமாகிவிடும், ஒரு வாரம் தவறியதில்லை. ஆனால் பதில் என்று ஒரு எழுத்து கிடையாது. அவன் பக்கத்தைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை என் குரல் மட்டும் வரிசையாக, எல்லாம் நீலம். ஒரு நாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். ரமணி எட்டிப் பார்த்தார், யார் என்று புரிந்துகொண்டார். கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "நம்ம கஸ்டமர்ல பாதிப் பேர் இப்படித்தான் அக்கா. எல்லாத்தையும் கேப்பா, ஒண்ணும் வாங்க மாட்டா."

காதில் மாட்டினது

கடையில் நாலு பேர் நாலு ரெக்கார்டைப் போட்டுப் பார்க்கக் கேட்டால் சண்டை வருகிறதென்று ரமணி இரண்டு ஹெட்ஃபோன் வாங்கிப் போட்டார். சண்டை நின்றுபோனது. கூடவே பாட்டும் நின்றுபோனது. அவரவர் காதில் அவரவர் பாட்டு. தட்டு சுற்றும், தலை ஆடும், கடை மட்டும் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். என்ன பாட்டென்று தெரியாமல் நான் தூசி தட்டிக்கொண்டிருப்பேன். பாட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ரேடியோ வைத்துக்கொண்டவள் நானாகத்தான் இருப்பேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, ஒரு ஜோடி வந்தது. பையன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். பாட்டு அவனுக்குப் பிடித்துப்போய், கூடவே பாட ஆரம்பித்துவிட்டான். தன் குரல் தனக்குக் கேட்கவில்லையே, தொண்டை கிழியப் பாடுகிறான். தாளம் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கீழே பூ கட்டுகிறவள் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தாள். பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தவன், "க்யா ஹுவா, ஏன் எல்லாரும் சிரிக்கிறீங்க?" என்றான். அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த மாசம் கல்யாணம் ஆன்ட்டி. இன்னைக்கே தெரிஞ்சது நல்லதாப் போச்சு."

செம்பூர் மாமா

எங்கள் தொழிலில் 'எடுத்து வைக்கிறது' என்று ஒன்று உண்டு. ஒரு ரெக்கார்டு இரண்டோ மூன்றோதான் வரும். வேண்டுமென்கிறவர் முன்னாலேயே சொன்னால், சீட்டில் பெயர் எழுதிச் சொருகிப் பின் அலமாரியில் வைப்போம். ஏழு நாள் கணக்கு. அதற்குள் வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம்.

செம்பூரிலிருந்து ஒரு மாமா வருவார், எழுபது தாண்டியவர், தனி ஆள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால் புதுசாக வந்த ஒன்றை இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். வாங்கியதே இல்லை. திடீரென்று ஒரு நாள் வீணை ரெக்கார்டு ஒன்றுக்கு முழுப் பணத்தையும் கொடுத்தார். பை போட்டுக் கொடுத்தால் வேண்டாமென்றார், "பின்னாடி ஷெல்ஃப்ல என் பேர் எழுதி வச்சிடுங்கோ." "பணம் குடுத்தாச்சே மாமா, வீட்டுல போட்டுக் கேளுங்களேன்" என்றேன். வீட்டில் ப்ளேயரே கிடையாதாம். பிறகு எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். மாமா சட்டைப் பையில் பில்லை மடித்து வைத்துக்கொண்டே சொன்னார்: "இதை எடுத்துண்டு போயிட்டா, அடுத்த சனிக்கிழமை என்னத்தைச் சொல்லிண்டு வருவேன்?"

பட்டன்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செய்தியைச் சொல்லி முடித்ததும், மைக் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு முத்துவிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசுவது என் பழக்கம். அது பதிவாகாது, எங்கும் போகாது. சும்மா, சாமி படத்தோடு பேசுகிற மாதிரி. விரல் வலிக்கிறது என்றதற்கு, பட்டனை மேலே தள்ளிவிட்டால் அழுத்திப் பிடிக்காமலே பதிவாகும் என்று ரமணி சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு மழை வெள்ளிக்கிழமை அதை முதல் தடவையாகத் தள்ளிவிட்டுப் பேசினேன். "மஞ்சள் அட்டை, மேல ஒரு காலி நாற்காலி. பாடுதவ வாயத் தொறக்கல, வேலை முடிஞ்சு வீட்டுக்கு நடக்குதவ முணுமுணுக்க மாதிரிப் பாடுதா. ஒண்ணே ஒண்ணுதான் வந்திருக்கு." முடிந்தது என்று நினைத்து, வழக்கம்போல என் பேச்சைப் பேசினேன். "ஏலே, சாப்பிட்டியா? மழையில நனையாத. சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு வந்தது தப்புதாம்ல." அப்புறம் அம்புக்குறியை அழுத்தி அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

காலையில் ரமணி போனைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தார். பட்டியலில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் அது போயிருக்கிறது. அனேகமாக அத்தனை பேரும் பதில் போட்டிருக்கிறார்கள். "சாப்பிட்டாச்சு ஆன்ட்டி." "ஜேவ்லோ, மாவ்ஷி" என்று மராட்டியில் ஒருத்தர். "டயட்ல இருக்கேன், மன்னிச்சிடுங்க." "நான் சாவிய பக்கத்து வீட்டுலதான் குடுப்பேன், கவலைப்படாதீங்க." டாக்டரம்மா தட்டில் இருந்த சப்பாத்தியைப் படம் எடுத்தே அனுப்பியிருந்தார். நான் மாடிப்படியில் நின்றபடியே முத்துவின் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். மைக் நீலமாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ரமணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிக்க வைக்க வேண்டுமென்று சொன்னார்: "பேச்சியக்கா, செம்பூர்லேர்ந்து தானே வரைக்கும் எல்லாரும் சாப்பிட்டாச்சாம்."

மஞ்சள் அட்டை

அடுத்த வெள்ளிக்கிழமை நான் செய்தி அனுப்பவில்லை. வெட்கமாக இருந்தது, யாருக்காகச் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. சனிக்கிழமை ரமணி பேங்குக்குப் போயிருந்தார். செம்பூர் மாமா ஸ்டூலில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தன் வீணை ரெக்கார்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடை போன் அடித்தது.

"ரெக்கார்டு கடைதானே? நேத்து செய்தி ஒண்ணும் வரல்லியே."

முத்து. சளி பிடித்த குரல். அவனுக்குப் பின்னால் குழாய் சொட்டியது, இன்னும் சரி பண்ணவில்லை. அவன் வாடிக்கைக்காரனாகப் பேசியதால் நானும் கடைக்காரியாகவே பேசினேன்.

"இந்த வாரம் புதுசு ஒண்ணும் வரல சார்."

"போன வாரம் சொன்ன மஞ்ச அட்டை? காலி நாற்காலி போட்டது?"

"இருக்கு, ஒண்ணுதான். எடுத்து வைக்கவா?"

"வைங்க."

அவன் வீட்டில் ப்ளேயர் கிடையாது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். சீட்டை எடுத்தேன், பேனாவை எடுத்தேன். "பேரு என்னன்னு எழுதட்டும்?" என்றேன். ஒரு சொட்டு விழுந்தது. ஏழு எண்ணினேன், அடுத்த சொட்டும் விழுந்தது. போனை வைத்துவிட்டானோ என்றால், வைக்கவில்லை, குழாய் கேட்கிறதே. மறுபடி எண்ண ஆரம்பித்து நாலு வரும்போது சொன்னான்: "இன்னும் சாப்பிடலம்மா."

வியாபாரம் தெரிந்தவர்கள் என்னைத் திட்டலாம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் மீன்குழம்பை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ரெக்கார்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டான், ஏழு நாள் கணக்கெல்லாம் தாண்டியும் பெயர் எழுதாத அந்த மஞ்சள் அட்டை பின் அலமாரியில் அப்படியே இருக்கிறது, நானும் ஞாபகப்படுத்துவதாக இல்லை.