சம்பந்தி நீட்டித் தந்த பேச்சு

மெர்சிங் படகுத்துறையருகே உணவகம் நடத்தும் காதர் பாயிடம், தூண்டிலில் நான் திமிங்கிலம் பிடித்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. சொன்னது என் வாயல்ல, மடிக்கணினி. தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பின், நான் தட்டுவதை அதிலுள்ள பெண்குரல்தான் படிக்கிறது. அழைத்தவர் என் மருமகன்.

"மாமா, அப்பா போய்ட்டாங்க. தூக்கத்திலயே."

கடல் அசையவில்லை. படகுகள் நீரில் நிற்கின்றனவா வானில் நிற்கின்றனவா என்று தெரியவில்லை.

என் சம்பந்தி மாணிக்கம் அவர்கள் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் பல்லாண்டு உழைத்துவிட்டு, யோங் பெங்கில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஒரு தீபாவளிக்குப் பேசியதை அடுத்த தீபாவளி வரை வைத்துக்கொள்ளும் சிக்கனக்காரர். நானோ, ஜொகூர் பாருவில் தும்மி, எங்கோ தொலைவிலுள்ள ஆயர் ஈத்தாம் குயவர்களின் பானைகளில் விரிசல் விழவைத்தவன்.

அப்பேர்ப்பட்ட எனக்கு வாய்த்த பழைய கணினியின் பேட்டரி நாற்பது நிமிடம்தான் தாங்கும். கதை உச்சத்தைத் தொடும்போது திரை இருண்டுவிடும். வீட்டார் முகங்களில் நிம்மதி பரவும். எனக்கு இன்னொரு முறை தொண்டையை அறுத்ததுபோல் இருக்கும். அதைக் கவனித்தவர் சம்பந்தி ஒருவரே. கணினியைத் தன் கடைக்கு வாங்கிப் போனார்.

பேட்டரிக்குள் இருந்த ஆறு உருளைச் செல்களை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு புதியவற்றைச் சேர்க்கத் திட்டம். ஆனால் ஒவ்வொன்றையும் அளந்து, நாள்கணக்கில் வைத்திருந்து, மறுபடியும் அளந்தார். ஊமையாய் வாரங்கள் கழிந்தன. பொறுக்காமல் கடைக்குப் போய், 'இன்னும் எத்தனை யுகம்?' என்று தாளில் எழுதி நீட்டினேன்.

"பொறுங்க சம்பந்தி. பொருத்தம் பாக்காம சேத்தா ஒன்ன ஒன்னு கெடுத்துரும், சூடாகி எரிஞ்சாலும் எரியும். நம்ம பிள்ளைங்களுக்கே பத்துப் பொருத்தம் பாத்தோம்ல."

நான் அறிந்தவரை அவருடைய மிக நீண்ட சொற்பொழிவு அதுதான்.

பேட்டரி புடைத்து ஒட்டகத் திமிலோடு இருந்த கணினியைச் சம்பந்தியே கொண்டுவந்து தந்தார். எட்டு மணி நேரம் தாங்கியது. என் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அலமாக், எட்டு மணி நேரமா? அண்ணே, உங்கள நல்லவருன்னு நெனச்சேன்லா."

"முடிவு வரைக்கும் சொல்லட்டும் தங்கச்சி. பாதியில நிக்கிறப்ப அவரு மொகத்தப் பாக்க முடியல."

பிறகு ஞாயிறுதோறும் வந்து என் எதிரில் அமர்வார். செம்பனைகளின் நிழல் வாசல்வரை நீளும். நான் புலியோடு சதுரங்கம் ஆடுவேன், நிலாவில் தேநீர் குடிப்பேன். அவர் கண்களை மூடியபடி ஒரே ஒரு சொல் கேட்பார்: "அப்புறம்?"

இறுதிச் சடங்கில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் தலைமாட்டில் கணினியைத் திறந்து, 'சம்பந்தி' என்று தட்டினேன். பெண்குரல் அழைத்தது. காத்திருந்தேன். பேட்டரியில் ஏழு மணி நேரப் பேச்சு மிச்சமிருந்தது. 'அப்புறம்?' என்று கேட்க ஆளில்லை. அவர் பேட்டரி கட்டித் தந்த பிறகு முதன்முறையாக, பாதியிலேயே நானாகக் கணினியை மூடினேன்.

போய் வாருங்கள், சம்பந்தி. திமிங்கிலம் இன்னும் தூண்டிலில்தான் இருக்கிறது.