வில்லன் வந்தால் கரண்டு போகும்

பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் என் மனைவி டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஒரு மாத இதழின் போட்டிக்கு நான் எழுதிய சிறுகதையை அவள்தான் அடித்துத் தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்க்காவிட்டால் போட்டியில் இடமில்லை. இருபது ஆண்டுகளாகப் பிறர் கதைகளைப் படித்துக் குறிப்பெடுத்தவனுக்கு இது முதல் கதை. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குக் கையில் கொடுத்தேன். புதன் மாலை நாலரைக்குப் போனபோது மூன்றாம் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"இன்னாங்க இது? நல்லவன் வந்தா சூரியன் உதிக்குது. கெட்டவன் வந்தா கரண்டு போவுது. அவனுக்குக் கரண்டு ஆபீஸ்ல சொந்தக்காரன் யாருனா இருக்கானா?"

ஒளி என்றால் அறம், இருள் என்றால் தீமை, எந்த தேசத்து நாவலை எடுத்தாலும் அப்படித்தான் என்று ஏழெட்டு உதாரணம் அடுக்கினேன். கேட்டுக்கொண்டே ஒரு ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து முடித்தாள்.

"'இருளே உருவான கரிய முகம்'னு வேற எழுதிருக்கீங்க. நம்ம ரெண்டு பேர் மூஞ்சியையும் கண்ணாடில பாத்துட்டுத்தான் எழுதினீங்களா?"

பேனாவை எடுத்து 'கரிய' என்ற சொல்லை மட்டும் கோடிட்டு அடித்தேன்.

"ஊரான் கதை வேணாம். உங்க டைரிய பாருங்க. கெட்டதெல்லாம் எப்ப நடந்துச்சுன்னு மணியோட எழுதி வச்சிருக்கீங்க இல்ல? அதுல இருட்டு ஜெயிச்சா அப்படியே அடிச்சுத் தர்றேன்."

வீட்டுக்கு வந்து பழைய டைரிகளைப் பிரித்தேன். சைக்கிள் திருட்டுப் போனது பகல் பன்னிரண்டே காலுக்கு, கடைத்தெரு நடுவில். வல்லத்தில் என் மாமனாரின் வரப்பைப் பக்கத்து நிலத்துக்காரர் ஒரு முழம் தள்ளிப் போட்டது காலை ஒன்பதுக்கு, ஊரே பார்க்க. ராஜகிரி மலைக்கோட்டை ஏறும்போது நான் மயங்கி விழுந்தது சித்திரை வெயிலில், மணி இரண்டு. தெளிய வைத்தது ஒரு பாறை நிழல். கரண்டு போன மாலைகளுக்கு நேரே 'எதிர்வீட்டார் வந்து பேசிக்கொண்டிருந்தார்கள்', 'வேர்க்கடலை அவித்தோம்' என்ற வகைக் குறிப்புகள்தான். அதிகபட்சக் கெடுதல், என் விரலில் மெழுகு சொட்டியது.

வியாழன் முழுக்கத் திருத்தினேன். வில்லனுக்கு உச்சி வெயிலும் வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் கொடுத்தேன். அவனிடம் நிலத்தை இழந்த பெண்ணைப் புளியமர நிழலில் உட்கார வைத்தேன்.

வெள்ளி மதியம் மூன்றேகாலுக்கு அவள் கடைசிப் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தாள். தபால் நிலையத்தில் நாலு மணிக்குமேல் பதிவுத் தபால் வாங்கமாட்டார்கள். மனு அடிக்க வந்து காத்திருந்த ஒருவர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார். முகம் மாறியது.

"இன்னா சார், யாரை மனசுல வச்சி எழுதினது இது?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

"உங்கள இல்லண்ணா. உங்க சட்டை க்ரீம் கலரு."

அவர் வாசலுக்குப் போய்ச் சட்டையை வெயிலில் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். அதற்குள் பிரிண்டர் ஓடி முடித்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கவரைச் சேர்த்துவிட்டேன்.

கடைக்குத் திரும்பியபோது அவர் இன்னும் அவளிடம் வாதாடிக்கொண்டிருந்தார்: "இல்லம்மா, நல்லா பாரு. சுத்த வெள்ளைம்மா இது!"