என் இன்சுலினும் அவர் சர்க்கரையும்

எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி, அதாவது பி.சி.ஓ.எஸ்., என்று டாக்டரம்மா சொன்ன அன்றே ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. குற்றவாளி என் வாய்.

"ரெண்டாந்தடவை சாதம் போட்டுக்கிட்டா இப்படித்தான் ஆகும்" என்றார் மாமியார். எனக்கு இரண்டாந்தடவை சாதம் போடுபவரே அவர்தான். கணவர் தினமும் காலையில் என்னை எடை மெஷினில் நிற்கவைத்து, தானே குனிந்து எண்ணைப் படிப்பார். நான் படித்தால் குறைத்துச் சொல்லிவிடுவேனாம். பிறகு போய் நெய் ரோஸ்ட் சாப்பிடுவார்.

ஆறு மாதம் மாத்திரை விழுங்கினேன். சாயங்காலங்களில் கொள்ளிடக் கரையில் தனியாக நடந்தேன். எடை மெஷின் மசியவில்லை.

மறுபடி ரத்தம் கொடுக்க மன்னார்புரத்தில் ஒரு லேபுக்குப் போனோம். தம்பதியாக வந்தால் கூட வருபவருக்குச் சர்க்கரைப் பரிசோதனை இலவசம் என்று போர்டு வைத்திருந்தார்கள். இலவசம் என்றதும் கணவர் சட்டைக்கையை மடித்துவிட்டார்.

ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு போனதும் டாக்டரம்மா முதலில் என்னுடையதைப் பார்த்தார். "தேவைக்கு மேல சுரந்த இன்சுலின் நல்லா இறங்கியிருக்கு. ஆண் ஹார்மோனும் குறைஞ்சிருக்கு. மருந்து கேக்குதும்மா. எடை மெதுவாத்தான் இறங்கும், ரத்தம் முன்னாடியே சொல்லிடும்." அடுத்த தாளைப் புரட்டினார். "இது யாரோடது?"

"என்னோடது டாக்டர். சும்மா எடுத்தது" என்றார் கணவர்.

"சும்மா இல்லைங்க. சர்க்கரை ஏறியிருக்கு. உங்க மனைவி மாதிரியே உங்க உடம்பும் இன்சுலின் பேச்சைக் கேக்கல."

பஸ் காவிரிப் பாலம் ஏறும்போது அவர் தன் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் மாமியார் கண் கலங்கினார். "ஆபீஸ் டென்ஷன்தான்! புள்ள எப்படி உழைக்கிறான், பாவம்." ஒரே கோளாறுக்கு எனக்கு வாய் காரணம், அவருக்கு உழைப்பு காரணம்.

"அத்தை, என் ரத்தம் சரியாயிட்டு வருதாம்" என்றேன்.

"அப்படியா, நல்லது. இவனுக்குக் கொஞ்சம் வெந்தயம் ஊறவைம்மா."

வெந்தயத்தை அளக்கும்போது கோபத்தில் பாதி டப்பாவையே கொட்டிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் நான் செருப்பு மாட்டும்போது கணவரும் வந்து நின்றார். கரையில் சிறிது தூரத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

"தினம் இவ்வளவு தூரமா நடந்த?"

"இதுக்கு மேலயும்."

"ஒருநாள்கூட நான் கூட வரலையே" என்றார், ஆற்றைப் பார்த்துக்கொண்டு.

பரவாயில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. "கொஞ்சம் வேகமா வாங்க" என்றேன்.